அவள் அப்படிச் செய்யமாட்டாள்

மதினி, நீங்கள் போய் இன்றோடு நாற்பது நாள் ஆகிவிட்டது. காலையில் பாத்திஹா ஓதினோம். நெய்ச்சோறு ஆக்கிச் சந்து முழுக்கக் கொடுத்தோம். ஓத வந்த லெப்பை உங்களுக்காகக் கையேந்தும்போது, பொறுமையே உருவான பெண்மணி என்று ஆரம்பித்தார். நீங்கள் இருந்திருந்தால் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கியிருப்பீர்கள். நிறுத்துங்க என்று ஒரு சொல் சொல்லியிருப்பீர்கள். லெப்பையும் நிறுத்தியிருப்பார்.

இதை வாசிக்கிற உங்களுக்கு என் மதினியைத் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. மதினி என் காக்காவின் மனைவி. காக்கா என்றால் என் கூடப்பிறந்த அண்ணன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் காக்கா கப்பலேறி ஊருக்குப் போனார். வாப்பா விட்டுப்போன நிலத்தில் ஏதோ தகராறு, ஆறு மாதத்தில் முடித்துவிட்டு வருகிறேன் என்றார். அப்புறம் வீட்டில் உம்மா, மதினி, நான் என்று மூன்று பெண்கள்தான். கடைக்காரர் ஒருவருக்கு வெல்வெட் தொப்பி தைத்துக் கொடுத்துப் பிழைத்தோம். மலாய்க்காரர்கள் சொங்கோக் என்கிற அதே தொப்பி.

தொப்பி விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் உள்ளே பழைய பத்திரிகைத் தாள் வைக்க வேண்டும். மூன்று தாளைக் கஞ்சி தடவி ஒட்டி, காயவைத்து, வெட்டி, வெல்வெட்டுக்கும் உள்துணிக்கும் நடுவில் வைத்துத் தைப்போம். தமிழ்த் தாள், இங்கிலீஷ் தாள், சீனத் தாள், எது கிடைத்தாலும் சரி. அரபு எழுத்து உள்ள தாளில் மட்டும் கத்தரிக்கோல் படக்கூடாது. அல்லாஹ்வின் பெயர் அதில் இருக்கும். மிதிபடக்கூடாது, குப்பைக்கும் போகக்கூடாது. அந்தத் தாள்களுக்கென்றே அடுப்படிச் சுவரில் ஒரு துணிப்பை தொங்கும். நிறைந்ததும் கல்லைக் கட்டிப் படகுக்காரரிடம் கொடுத்துக் கடலில் இறக்கச் சொல்வோம்.

மத்தியானத் தொழுகைக்கும் சாயங்காலத் தொழுகையான அஸருக்கும் நடுவில் தைத்துக்கொண்டே கிஸ்ஸா கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். கிஸ்ஸா என்றால் அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய கதை, பாட்டும் வசனமுமாக இருக்கும். அடுத்த வீட்டு லெப்பை மாமியிடம் நான் ஓதப் போனதால் அந்த எழுத்து எனக்குத் தெரியும். உம்மாவுக்கும் மதினிக்கும் தெரியாது. அதனால் வாசிப்பது நான். லெப்பை மாமியும் வெற்றிலையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கிஸ்ஸா. முத்து வியாபாரி ஒருவர் மூன்று வருடத்தில் வருவேன் என்று கப்பலேறுகிறார். பன்னிரண்டு வருடம் கழித்து வருகிறார். அவர் மனைவி அதுவரை காத்திருக்கிறாள். மாமியார் அவளைப் பின்கட்டில் மாவாட்டப் போடுகிறாள். ஊர் பழி சொல்கிறது. கடைசியில் கப்பல் தெரிகிறது, அவள் ஓடிப்போய்க் கரையில் நின்று அவர் காலைக் கழுவுகிறாள். பொறுமையின் மகுடம் என்று கிஸ்ஸா அவளைப் புகழ்ந்து முடிகிறது. அந்த இடத்தில் கேட்கிற எல்லோரும் அழுவார்கள். மதினி அழமாட்டார்.

மதினிக்குக் கதை கேட்கத் தெரியாது என்று லெப்பை மாமி சொல்வார். உண்மைதான், பாதியில் பாதியில் இடது கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். யாரும் பார்க்காத ஆள் ஒருத்தர் கதையில் எங்காவது நிற்பார். மதினி அவரைப் பிடித்துக்கொள்வார்.

வியாபாரி கப்பலேறும் இடம் வந்தால், கரையிலிருந்து அவரைக் கப்பலுக்குக் கூட்டிப்போன படகுக்காரனைப் பற்றிக் கேட்பார். அவனுக்கு அந்தக் கதையில் ஒரே ஒரு வரிதான்.

"அவன்தானே கடைசியா அவர் மூஞ்சியைப் பார்த்தது? பொண்டாட்டிக்கு அவர் முதுகுதான் தெரிஞ்சிருக்கும். அவர் அழுதாரா, நிம்மதியா மூச்சு விட்டாரா, படகுக்காரனைக் கேட்டால்லா தெரியும்."

லெப்பை மாமிக்குச் சிரிப்பு தாங்காது. அலிப் எது பே எது என்று தெரியாத பொண்ணு, எழுதின ஆலிமுக்கே பாடம் சொல்லுது பாரு என்பார். மதினியும் சிரிப்பார். ஆனால் மறுநாள் அதே இடத்தில் கை மறுபடி உயரும்.

ஒருநாள் மாமியார்க்காரி மாவாட்டச் சொல்கிற இடம். உம்மா உள்பட எல்லோரும் அவளைத் திட்டினார்கள். அவள் கை அழுக என்றுகூட லெப்பை மாமி சொன்னார். மதினி வெல்வெட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கிழவிக்குப் பயமாக இருக்கும் என்றார். மகன் போய்விட்டான், மருமகளும் போய்விட்டால் அந்தப் பெரிய வீட்டில் தனியாக என்ன செய்வாள், வேலை வைத்தால் போகமாட்டாள் என்று நினைத்திருப்பாள், வேறு விதமாகப் பிடித்துவைக்க அவளுக்குத் தெரியவில்லை என்றார். உம்மா தைப்பதை நிறுத்திவிட்டு மதினியையே பார்த்தார். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. உம்மா ஏன் எழுந்து போனார் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும். நாற்பது நாளாக யாரிடமும் சொல்லவில்லை, அதற்கு முன்னால் ஆறு வருடம் சொல்லவில்லை.

காக்கா போய் ஒரு வருடம் கழித்து, முன்பு வந்தவை போலவே அரபு எழுத்துத் தமிழில் அவரிடமிருந்து இன்னொரு கடுதாசி வந்தது. அன்று மதினி கிணற்றடியில் இருந்தார். உம்மா என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய் வாசிக்கச் சொன்னார். சலாம் எழுதி, உடம்பு சுகம் எழுதி, அப்புறம் காக்கா எழுதியிருந்தார்: இங்கே எனக்கு வேறு நிக்காஹ் ஆகிவிட்டது. இனி பினாங்குக்கு வரும் எண்ணம் இல்லை. அவளுக்குத் தலாக் சொல்லிவிட்டேன். சாட்சிகளும் உண்டு. அவளிடம் சொல்லி அவள் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடவும்.

நான் வாசித்து முடிக்குமுன் உம்மா என் வாயைப் பொத்தினார். அவர் கையில் வெங்காய வாடை. பொத்திக்கொண்டே அழுதார்.

"சொல்லிடாதே தங்கம். அவ போயிடுவா. அவ போனா நீயும் நானும் என்ன செய்வோம்?"

தொப்பி தைப்பதில் கஷ்டமான வேலை மேல்வட்டத்தைத் தொப்பியின் பக்கச் சுவரோடு சேர்ப்பது. அது மதினி ஒருவருக்குத்தான் கை கூடும். அவர் இல்லாவிட்டால் கடைக்காரர் எங்களுக்கு வெல்வெட் கொடுக்கமாட்டார். ஆனால் உம்மா அதற்காக மட்டும் அழவில்லை. அது எனக்கு இப்போது புரிகிறது. மதினியின் தகப்பனார் தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்துக் கடை ஒன்றில் இருந்தார். அங்கே இரண்டாம் தாரமாக வந்த சின்னம்மாவின் ஆட்சி. அங்கே போக மதினி விரும்பியிருப்பாரா, வேறு நிக்காஹ் செய்திருப்பாரா, தெரியாது. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு வழி திறந்திருக்கும். அந்தக் கதவை நான் சாத்தினேன்.

கடுதாசியைக் கிழிக்க முடியாது, மேலே அல்லாஹ்வின் பெயரால் என்கிற பிஸ்மி இருக்கிறது. எரிக்கப் பயம். மற்றக் கடுதாசிகளோடு பெட்டியில் வைத்தால் யாராவது எடுப்பார்கள். சுவரில் தொங்கிய துணிப்பையின் அடியில் திணித்தேன். கடலுக்குப் போய்விடும் என்று நினைத்தேன்.

கடுதாசி வந்தது மதினிக்குத் தெரியும், தபால்காரர் குரல் கிணற்றடி வரைக்கும் கேட்கும். அஸருக்குப் பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். நான் வேறொரு தாளை விரித்துக்கொண்டு வாயில் வந்ததை வாசித்தேன். என் கண்ணின் மணியான மனைவிக்கு ஆயிரம் சலாம் என்று வாசித்தேன்.

மதினியின் கை உயர்ந்தது.

"உங்க காக்கா அப்படிச் சொல்லமாட்டாரே."

மதினி என்னைப் பார்க்கவில்லை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கூட இருந்தேன், கண் என்றோ மணி என்றோ ஒருநாள் வாயில் வந்ததில்லை, சோற்றில் உப்பு இல்லை என்றுதான் வரும் என்றார். பிறகு, கப்பல் தண்ணி குடித்தால் ஆள் மாறும்போல, மேலே வாசி என்றார்.

அடுத்த பொய்க் கடுதாசி எனக்கு நன்றாக வந்தது. காக்கா மழையைத் திட்டுவார், வயிற்றைப் பற்றிப் புலம்புவார், தன் குடையை யாருக்கும் இரவல் கொடுக்காதே என்பார். அதையே வாசித்தேன். மதினி தலையாட்டி, ஆமா, இது அவர்தான் என்றார். கிஸ்ஸாவில் ஆட்களைப் பார்க்க அவர் பழக்கியதை வைத்தே அவரை ஏமாற்றினேன். வருடத்துக்கு இரண்டு மூன்று கடுதாசி அப்படி நானே உண்டாக்கினேன். காக்காவிடமிருந்து அப்புறம் உண்மையில் எதுவும் வரவில்லை.

சில நேரம் மதினி தைத்துக்கொண்டே பொதுவாகச் சொல்வார். உங்க காக்காவுக்குப் பலாப்பழம்னா உயிரு, அந்தப் பருவம் ஊர்லயும் வந்திருக்கும்லா, அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே என்பார். அடுத்த கடுதாசியில் பலாப்பழம் வரும். அவர் திருப்தியாகக் கேட்பார்.

அந்த முதல் வருடம் நடந்த இரண்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மதினி காலில் வலி என்று மூன்று மாதம் வாசலைத் தாண்டவில்லை. தொப்பிகளை நான்தான் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நாட்களில் காக்காவுக்கென்று கறுப்பு வெல்வெட்டில் ஒரு தொப்பி தைத்தார். கடைக்காரர் நல்ல விலை சொல்லியும் விற்கவில்லை. தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதைப் பார்த்து உம்மா மறைவாகப் போய் அழுதார். நானும் அழுதேன். எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்தோம்.

நாலாவது வருடம் லெப்பை மாமி வெளிப்படையாகவே பேசினார். கிஸ்ஸா முடிந்திருந்தது, அந்த மகுடம் வருகிற இடம். இந்தக் காலத்தில் யாரும் பன்னிரண்டு வருடம் உட்கார வேண்டாம், காதியாரிடம் போய்ச் சொன்னால் நிக்காஹை முறித்து எழுதிக் கொடுப்பார், நான் கூட வருகிறேன் என்றார். உம்மா தரையைப் பார்த்தார்.

"அதெப்படி மாமி," என்றார் மதினி. "கடுதாசி வந்துக்கிட்டு இருக்கே."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். லெப்பை மாமி வெற்றிலையை மென்றுகொண்டு என்னையே வெகுநேரம் பார்த்தார். என் பொய்தான் மதினியைக் கட்டிவைத்திருக்கிறது என்று எனக்கு நன்றாக விளங்கிய நாள் அது. அன்று சொல்லியிருக்கலாம். அடுத்த வருடம் உம்மா மௌத்தான பிறகாவது சொல்லியிருக்கலாம், வாய் பொத்த அப்போது யாரும் இல்லை. சொல்லவில்லை. மதினி போய்விடுவாரோ என்று எனக்கே பயம். கிஸ்ஸாவில் வரும் கிழவியின் பயம் என்னிடம் வந்துவிட்டது.

உம்மா போன பிறகு கடுதாசி வாசிப்பதை நிறுத்திவிட்டேன். மதினியும் கேட்கவில்லை. கிஸ்ஸாவை மட்டும் கேட்டார். அதன் முடிவு அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஒருமுறை நான் கேட்டேன், அவள் வேறு என்ன செய்வாள் மதினி, புருஷன் வந்தால் காலைக் கழுவத்தானே வேண்டும் என்று.

"அவ அப்படிச் செய்யமாட்டா. கரைக்கே போயிருக்கமாட்டா. பன்னிரண்டு வருசம் மாவாட்டினவ, கப்பல் வருதுன்னா ஆட்டுற மாவை விட்டுட்டா ஓடுவா? ஆட்டி முடிச்சிட்டுக் கையைக் கழுவிட்டு, யாரு வந்திருக்காங்கன்னு கேட்பா. பொறுமைங்கிறது பார்க்கிறவங்க வச்ச பேருடி. அவளுக்கு அன்னன்னைக்கு வேலை இருந்துச்சு, அவ்வளவுதான்."

இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டதில்லை. பேசியதும் இருமல் வந்துவிட்டது. இருமல் வந்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. வெல்வெட் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தார். தூசி இல்லை என்று டாக்டர் சொன்னார்.

கடைசி வாரம் அவரால் ஊசி பிடிக்க முடியவில்லை. பாயில் படுத்துக்கொண்டு விரலை மட்டும் தைப்பதுபோல் அசைப்பார். ஒரு மத்தியானம் துணிந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். மதினி, அந்தக் கடுதாசியெல்லாம் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார், அதே இடது கை. கிஸ்ஸாவை எடு என்றார். எங்கிருந்து வாசிக்க என்று கேட்டேன். படகுக்காரனிலிருந்து என்றார். அந்த ஒரு வரியை வாசித்தேன். இன்னொருக்கா என்றார். மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை தூங்கிவிட்டார். மறுநாள் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் மௌத்தாகிவிட்டார். நான் சொல்ல வந்தது என் வாயிலேயே நின்றுவிட்டது.

இன்று பாத்திஹா முடிந்து எல்லோரும் போன பிறகு அவர் துணிமணிகளைப் பிரித்துக் கொடுப்பதற்காகத் தகரப் பெட்டியைத் திறந்தேன். காக்காவின் தொப்பி இருந்தது. லெப்பைக்குக் கொடுத்துவிடலாம் என்று எடுத்து, நசுங்கியிருக்கிறதா என்று கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்த்தேன். கஞ்சி போட்ட தாள் அழுத்தினால் படபடவென்று சத்தம் கொடுக்கும். மேல்வட்டத்தில் மட்டும் சத்தம் வரவில்லை. மெத்தென்று இருந்தது. தொப்பி தைக்கிறவளுக்கு அது தெரியாமல் போகாது. உள்துணியைப் பிரித்தேன்.

வெள்ளைத் துணியில் சுற்றி, கஞ்சி படாமல், கத்தரி படாமல், மடித்த மடிப்பு மாறாமல் அந்தக் கடுதாசி இருந்தது. தலைமேல் வைக்கிற இடம், அதனால் எழுத்துக்கு மரியாதைக் குறைவு இல்லை என்று நினைத்திருப்பார்.

தொப்பியோடு லெப்பை மாமி வீட்டுக்கு ஓடினேன். மாமி அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று உன் மதினி சத்தியம் வாங்கியிருந்தாள், இனிச் சொன்னால் குற்றமில்லை என்றார். கடுதாசி வந்த மூன்றாம் நாளே மதினி அதை மாமியிடம் கொண்டுவந்திருக்கிறார். எல்லாக் கடுதாசியும் பெட்டிக்குப் போகிறது, இது மட்டும் ஏன் பைக்குள் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறார். மாமி வாசித்துச் சொல்லியிருக்கிறார்.

தலாக் ஆன பெண் மூன்று மாத அளவு வெளியே போகாமல் இத்தா இருக்க வேண்டும். கால் வலி என்று அவர் வாசல் தாண்டாத மூன்று மாதம் அதுதான். எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து, எங்களுக்குத் தெரியாமல் இத்தா இருந்து முடித்திருக்கிறார். அவர் மேல் எந்தக் கட்டும் இருக்கவில்லை. காதியாரிடம் வா என்று மாமி கூப்பிட்டது எங்கள் முன்னால் விஷயம் வெளியே வரட்டும் என்றுதான். கடுதாசி வந்துகொண்டிருக்கிறதே என்று மதினி சொன்னது என் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க.

கேட்டதும் மதினி என்ன சொன்னார் என்று மாமியிடம் கேட்டேன். அழுதாரா என்று கேட்டேன்.

"அழலை. கடுதாசியை வாங்கி இருந்த மடிப்பிலேயே மடிச்சா. அப்புறம் உன்னைப் பத்தித்தான் கேட்டா. இதை வாசிச்சப்ப அந்தப் புள்ள மனசு என்ன பாடு பட்டிருக்கும் மாமி, பதிமூணு வயசுதானே ஆகுதுன்னு கேட்டா."

நான் மாமி வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மதினி, ஏன் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உம்மாவின் பயத்துக்காகவா, சின்னம்மாவின் வீட்டுக்குப் பயந்தா, எனக்காகவா? இல்லை, மேல்வட்டம் சேர்க்கிற வேலை அன்றன்றைக்கு இருந்ததாலா? கிஸ்ஸாவில் வரும் ஒருத்தியாக நீங்கள் இருந்திருந்தால், வாசிப்பை நிறுத்தி நீங்களே சொல்லியிருப்பீர்கள். நான் என்ன சொன்னாலும் அவள் அப்படிச் செய்யமாட்டாள் என்று கை உயரும்போல் இருக்கிறது. அதனால் நான் எதையும் முடிவாகச் சொல்லவில்லை.

வாசிக்கிற நீங்கள் எல்லோரும் என் மதினிக்காகத் துஆ கேளுங்கள். எந்த மார்க்கத்துக்காரர்களாக இருந்தாலும் உங்கள் முறைப்படி கேளுங்கள். பொறுமைசாலி என்று மட்டும் சொல்ல வேண்டாம். தொப்பி தைத்தவர் என்று சொன்னால் போதும், இறைவனுக்குத் தெரியும். கேட்டு முடித்ததும், பக்கத்தில் யாராவது ஒன்றும் பேசாமல் நிற்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நின்றால் அவர்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். மதினி இருந்திருந்தால் அவர்களைத்தான் முதலில் கேட்டிருப்பார்.